டோக்கன் நோட்டிலிருந்து தொடங்கலாம்: சிறு கிளினிக்கில் மருத்துவ ஆய்வு

ஊருக்குள் கிளினிக் வைத்திருக்கும் டாக்டரிடம் போய் "நீங்களும் ஆய்வு செய்யலாமே" என்று சொல்லிப் பாருங்கள். "அதெல்லாம் மெடிக்கல் காலேஜ் சமாச்சாரம். எனக்குச் சாயங்காலம் அறுபது டோக்கன்" என்பார். நானும் பல வருடம் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அதில் பொய்யும் இல்லை. ஆனால் அந்த அறுபது டோக்கனில் முக்கால்வாசிப் பேரை மெடிக்கல் காலேஜ் பார்ப்பதே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது.

காய்ச்சல் கண்ட முதல் நாள் நம்மிடம்தான் வருகிறார்கள். நாம் கொடுத்த மருந்து கேட்காதவர்தான் ஐந்தாம் நாள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறார். தானாகச் சரியாகிப்போன இருமல், பாதியில் நிறுத்திய பிபி மாத்திரை, மருந்துக்கடையில் கேட்டு வாங்கி இரண்டு வேளை மட்டும் போட்டுக்கொண்ட ஆன்டிபயாடிக், இதெல்லாம் எந்த வார்டிலும் அட்மிட் ஆவதில்லை. இவற்றைப் பற்றிக் கேள்வி கேட்டால் விடை கிளினிக்கில்தான் கிடைக்கும். ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், டோக்கன் கொடுக்க ஒருவர் என்று ஓடுகிற இடங்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

இது புதிய விஷயமும் இல்லை. வில்லியம் பிக்கிள்ஸ் என்பவர் இங்கிலாந்தில் யார்க்ஷயர் பக்கத்துக் கிராமங்களுக்குக் குடும்ப டாக்டர். 1929ல் அங்கே மஞ்சள் காமாலை பரவியது. சுற்றுவட்டத்தில் 5,700 பேர். அதில் 250 பேருக்கு வந்தது. ஊர்த் திருவிழா நாளில் காலையில் காமாலையோடு படுத்திருந்த ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு, இவள் இன்றைக்கு எழுந்திருக்கப் போவதில்லை என்று நினைத்துக்கொண்டு கிளம்பினார். அவள் எழுந்து திருவிழாவுக்கே போய்விட்டாள். அவளோடு ஆடியவர், பழகியவர் என்று ஒவ்வொருவருக்கும் எந்தத் தேதியில் காமாலை தொடங்கியது என்று விசாரித்து எழுதித்தான், தொற்றியதிலிருந்து நோய் வெளியே தெரிய நாலைந்து வாரம் ஆகிறது என்று கண்டுபிடித்தார். அவரிடம் ஆய்வகம் இல்லை. இருந்தது நோட்டும் தேதியும். வரைபடங்களுக்கு மனைவியும் மகளும் கைகொடுத்தார்கள். பிரிட்டனில் குடும்ப டாக்டர்களுக்கென்று கல்லூரி அமைந்தபோது முதல் தலைவர் அவர்தான்.

நம் நாட்டில் நடந்தது இன்னும் நெருக்கமான உதாரணம். புனேயின் செஸ்ட் ரிசர்ச் ஃபவுண்டேஷன் 'பொசைடன்' என்ற ஆய்வை நடத்தியது. 2011 பிப்ரவரி 1, ஒரே ஒரு நாள். 880 ஊர்களில் 7,400 டாக்டர்கள் அன்றைக்குத் தங்களிடம் வந்தவர்கள் என்ன தொந்தரவோடு வந்தார்கள் என்று குறித்துக் கொடுத்தார்கள். மொத்தம் 2,04,912 நோயாளிகள். அதில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு மூச்சுத்தடம் சம்பந்தப்பட்ட தொந்தரவு இருந்தது. 2015ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளியானது. அதில் சேர்ந்த ஒவ்வொரு டாக்டரும் செலவழித்தது ஒரு நாள்.

முதலில் ஒன்றே ஒன்றை எண்ணுங்கள்

நம்மில் பலர் தடுமாறுவது புள்ளியியலில் அல்ல, கேள்வியில். "பிபி நோயாளிகள் ஏன் மாத்திரையை நிறுத்துகிறார்கள்?" என்பது நல்ல ஆதங்கம், ஆனால் அதை எண்ண முடியாது. "கடந்த 7 நாளில் எத்தனை நாள் மாத்திரை தவறியது?" என்றால் எண்ணலாம். விடை 0 முதல் 7க்குள் ஒரு எண். அவ்வளவுதான். அப்புறம் அதோடு இரண்டு கேள்வி சேர்க்கலாம்: மாத்திரை எங்கே வாங்குகிறார், கடைசியாக எப்போது தீர்ந்தது. தமிழ்நாட்டில் இந்த 'எங்கே வாங்குகிறார்' முக்கியம். மக்களைத் தேடி மருத்துவம் 2021ல் வந்த பிறகு, மாத்திரையை வீட்டுக்கே வந்து கொடுத்துவிடுகிறார்கள், நம்மிடம் பிபி பார்க்க மட்டும் வருகிறார் என்கிற ஆட்கள் இருக்கிறார்கள். உங்கள் பிரிஸ்கிரிப்ஷனை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் அவர் மாத்திரையே சாப்பிடாதவர் ஆகிவிடுவார்.

படிவம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. என் முதல் படிவம் நாலு பக்கம். படிப்பு, வருமானம், உணவு, உறக்கம் என்று ஆசை ஆசையாகச் சேர்த்திருந்தேன். இரண்டாம் நாளே எங்கள் நர்ஸ், "சார், இதை நிரப்புறதுக்குள்ள ஒரு இன்ஜெக்‌ஷன் போட்டு, ஒரு கட்டும் கட்டிடலாம்" என்றார். அவர் சொன்னதுதான் சரி.

நோயின் பெயரை ஒரே மாதிரி எழுதுவதற்கு ஒரு வழி இருக்கிறது. ஐசிபிசி என்று முதல்நிலை மருத்துவத்துக்கென்றே உருவாக்கிய குறியீட்டுப் பட்டியல். இரண்டாம் பதிப்பில் சளி ஆர் 74, சிக்கல் இல்லாத ரத்தக்கொதிப்பு கே 86, இன்சுலின் தேவைப்படாத சர்க்கரை டி 90. நோய் என்னவென்று இன்னும் தெரியாதபோது வெறும் 'காய்ச்சல்' என்று குறிக்கவும் இடம் உண்டு, ஏ 03. ஆஸ்பத்திரிக் குறியீடுகளைவிட இது நம் வேலைக்கு ஒத்துவரும், ஏனென்றால் நம்மிடம் வருபவர் நோயின் பெயரோடு வருவதில்லை, தொந்தரவோடு வருகிறார். பட்டியல் முழுவதும் வேண்டாம். அடிக்கடி வரும் இருபதை அச்சடித்து மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வையுங்கள்.

எத்தனை பேரில்?

"நாற்பது பேர் மாத்திரையை நிறுத்தியிருக்கிறார்கள்" என்று சொன்னால் உடனே வர வேண்டிய கேள்வி, எத்தனை பேரில் என்பது. ஐம்பதில் நாற்பது ஒரு கதை, நானூறில் நாற்பது வேறு கதை. கிளினிக் ஆய்வுகள் படுத்துவிடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பேசத் தோதானவர், பழகியவர், கூட்டம் இல்லாத நேரத்தில் வந்தவர் என்று சேர்த்துக்கொண்டே போவோம். சந்தை நாளில் அவசர அவசரமாக வந்து போனவர் யாரும் நோட்டில் இருக்க மாட்டார். மாத்திரையை அதிகம் தவறவிடுகிறவர் அவராகக்கூட இருக்கலாம்.

இதற்கு நம்மிடமே ஒரு கருவி இருக்கிறது: டோக்கன். 3, 8, 13, 18 என்று ஒவ்வொரு ஐந்தாவது டோக்கனையும் எடுத்துக்கொள்ளுங்கள். தொடங்கும் எண்ணை மட்டும் தினமும் காலையில் சீட்டுக் குலுக்கி எடுங்கள். அந்த எண்ணில் யார் வந்தாலும் அவரைக் கேட்க வேண்டும். ஆய்வுக்குப் பொருந்தாதவர் என்றால் அப்படி எழுதுங்கள். மறுத்தால் 'மறுத்தார்' என்று எழுதுங்கள். கூட்டத்தில் கேட்க முடியாமல் போனால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். இந்த மூன்று வரிகளும் பின்னால் எந்தக் கணக்கையும்விட அதிகம் பேசும்.

எத்தனை பேர் வேண்டும்? ஓப்பன்எபி என்ற இலவசத் தளத்தில் போட்டுப் பார்க்கலாம். ஒரு விஷயம் எத்தனை சதவீதம் என்று முன்கூட்டித் தெரியாது, பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொள்கிறோம், விடையில் 5 சதவீதம் முன்பின் இருக்கலாம் என்றால் 384 பேர். 10 சதவீதம் முன்பின் பரவாயில்லை என்றால் 96 பேர் போதும். முதல் முயற்சிக்கு 96 தாராளம்.

இன்னொன்று. கேட்பது யார்? "மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்களா?" என்று நான் கேட்டால் "தவறாம சாப்பிடறேன் சார்" என்பார்கள். வெளியே டோக்கன் கொடுக்கும் பெண் கேட்டால், "போன வாரம் ஊருக்குப் போனேம்மா, எடுத்துட்டுப் போகலை" என்பார்கள். ஆகவே கேள்வியை டாக்டர் கேட்காமல் இருப்பதே நல்லது.

எத்திக்ஸ் கமிட்டி: நான் சறுக்கிய இடம்

என் முதல் ஆய்வில் மூன்று மாதம் தகவல் திரட்டிவிட்டு, இதழுக்கு அனுப்பலாம் என்று கட்டுரையும் எழுதிவிட்டு, அதற்குப் பிறகு ஒரு எத்திக்ஸ் கமிட்டியின், அதாவது ஆய்வில் சேர்பவர்களின் பாதுகாப்பையும் உரிமையையும் பார்த்து அனுமதி தரும் குழுவின், கதவைத் தட்டினேன். கோப்பைத் திறந்து தேதியைப் பார்த்தார்கள், மூடித் திருப்பிக் கொடுத்தார்கள். ஆய்வு நடந்து முடிந்த பிறகு அனுமதி தருவதில்லை. ஐசிஎம்ஆர் எனப்படும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்களும் அதைத்தான் சொல்கின்றன. மூன்று மாத உழைப்பு அலமாரிக்குப் போனது. கோபம் வந்தது உண்மை. ஆனால் அந்த நோயாளிகளிடம் நான் எதையும் எழுதி வாங்கவில்லையே என்று நினைத்தபோது கோபம் இறங்கிவிட்டது.

சரி, எதற்கெல்லாம் அனுமதி வேண்டும்? உங்கள் கிளினிக்கைச் சீர்படுத்த, உங்கள் நோட்டையே நீங்கள் புரட்டிப் பார்ப்பது ஆடிட். சர்க்கரை நோயாளிகளில் எத்தனை பேருக்கு இந்த வருடம் கால் பார்த்தோம் என்று எண்ணி, அடுத்த வருடம் கூட்டினால் அது உங்கள் வீட்டு விஷயம். அதையே வெளியே சொல்ல, பிரசுரிக்க, மற்ற இடங்களுக்கும் பொருந்தும் முடிவாகக் காட்ட நினைத்தால் ஆய்வு. கோடு எங்கே என்று சந்தேகம் வந்தால் கமிட்டியையே கேட்டுவிடுங்கள். விலக்கு, விரைவுப் பரிசீலனை, முழுப் பரிசீலனை என்று மூன்று வகை உண்டு. ஊசி மருந்து எதுவும் இல்லாமல் கேள்வி மட்டும் கேட்கும் சிறு ஆய்வுகள் முதல் இரண்டில் அடங்கிவிட வாய்ப்பு அதிகம். ஆனால் விலக்கு உண்டா என்று முடிவு செய்வதும் அவர்கள்தான், நாம் இல்லை.

கிளினிக்கில் கமிட்டி எப்படி இருக்கும்? இருக்க வேண்டியதில்லை. பக்கத்து மெடிக்கல் காலேஜ் அல்லது பெரிய மருத்துவமனையின் கமிட்டியோடு ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு விண்ணப்பிக்கலாம். 2019ம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளின்படி, இந்த மாதிரி ஆய்வுகளைப் பார்க்கும் கமிட்டி மத்திய அரசின் சுகாதார ஆராய்ச்சித் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். புதிய மருந்துப் பரிசோதனை என்றால், வேறு இடத்துக் கமிட்டி அதே நகரத்திலோ 50 கிலோமீட்டருக்குள்ளோ இருக்க வேண்டும் என்றும் விதி உண்டு. வெளியாருக்குக் கட்டணம் எவ்வளவு, தள்ளுபடி உண்டா என்று முதல் போனிலேயே கேட்டுவிடுங்கள். வெளிநாட்டுப் பணமோ வெளிநாட்டுக் கூட்டாளியோ இருந்தால் மத்திய சுகாதார அமைச்சகத்தின் தனிக் குழு அனுமதியும் தேவைப்படும். புதிதாக வருகிறவர் அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நலம்.

கமிட்டியில் 7 முதல் 15 பேர் இருப்பார்கள். டாக்டர்கள் மட்டுமல்ல, சட்டம் தெரிந்தவர், சமூகத்துறை சார்ந்தவர், மருத்துவத்துக்குச் சம்பந்தமே இல்லாத பொதுஆள் ஒருவர் என்று கலவையாக. என் இரண்டாவது ஆய்வில் என்னைத் திணறடித்தது அந்தப் பொதுஆள்தான். "உங்ககிட்ட முப்பது வருஷமா வர்றவர், நீங்க கேட்டா எப்படி மாட்டேன்னு சொல்வார்?" என்றார். அன்றைக்குத்தான் ஒப்புதல் வாங்கும் வேலையையும் என் கையிலிருந்து எடுத்து வெளியே வைத்தேன்.

மருந்தையோ சிகிச்சையையோ கொடுத்துப் பார்க்கும் பரிசோதனை ஆய்வு என்றால் முதல் ஆளைச் சேர்க்கும் முன்பே சிடிஆர்ஐ எனப்படும் இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் பதிய வேண்டும். 2007 ஜூலையில் தொடங்கியது, கட்டணம் கிடையாது. 2018 ஏப்ரல் 1 முதல் பின்னால் வந்து பதிவு செய்ய முடியாது. கேள்வி கேட்கும் ஆய்வுகளையும் பதியலாம்.

கையெழுத்து

ஒப்புதல் படிவத்தை ஆங்கிலத்தில் எழுதி மொழிபெயர்க்கக் கொடுத்தால் "தன்னிச்சையான பங்கேற்பிலிருந்து எவ்விதப் பாதகமுமின்றி விலகிக்கொள்ளும் உரிமை" என்று வரும். யாருக்கும் புரியாது. தமிழிலேயே எழுதுங்கள். எங்கள் படிவத்தில் இப்படி இருந்தது: "சேர்ந்தாலும் சேராவிட்டாலும் உங்களுக்குப் பார்க்கும் வைத்தியம் ஒன்றுதான். நடுவில் வேண்டாம் என்றால் காரணம் சொல்லாமல் நிறுத்தலாம். உங்கள் பெயர் எங்கேயும் வராது."

எழுபது தாண்டிய ஒரு அம்மா படிவத்தைப் பார்த்ததும் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "எதுக்கும்மா கையெழுத்து? வீட்டுப் பத்திரமா?" என்று நர்ஸிடம் கேட்டார். சொத்து எழுதி வாங்கப்பட்ட கதைகளைக் கேட்டு வளர்ந்த ஊரில் அது நியாயமான பயம். நர்ஸ் அந்தப் பக்கத்தை முழுதாக வாசித்துக் காட்டினார், கையெழுத்து வேண்டாம் என்றாலும் பரவாயில்லை என்றார். அந்த அம்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டு மருந்து வாங்கிக்கொண்டு போனார். நோட்டில் 'மறுத்தார்'. அப்படித்தான் நடக்க வேண்டும். படிக்கத் தெரியாதவரிடம் கைரேகை வாங்கும்போது, ஆய்வில் சம்பந்தமில்லாத ஒருவர் சாட்சியாக உடனிருந்து கையெழுத்துப் போட வேண்டும். ஒரு நகலை அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

பெயரும் போன் நம்பரும் ஒரு நோட்டில், அதில் ஒவ்வொருவருக்கும் ஒரு எண். படிவத்தில் அந்த எண் மட்டும். நோட்டு பூட்டிய அலமாரியில், கணினியில் ஏற்றுவது படிவத்தை மட்டும். தகவலை வாட்ஸ்ஆப் குழுவில் போட்டோ எடுத்துப் போடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஆய்வு முடியும்வரை அதை மறந்துவிடுங்கள். மொபைலில் நிரப்ப விரும்பினால் கோபோடூல்பாக்ஸ் மாதிரி இலவசச் செயலிகள் உண்டு, தமிழிலேயே கேள்வி அமைக்கலாம். 96 பேருக்கு எக்செல் போதும்.

அடுத்தவர் ஆய்வில் சேர்வது

சொந்தமாகத் தொடங்க மலைப்பாக இருந்தால் இந்த வழி எளிது. பக்கத்து மெடிக்கல் காலேஜின் சமூக மருத்துவத் துறைக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஒவ்வொரு வருடமும் முதுகலை மாணவர்கள் ஆய்வுக்கு இடம் தேடுகிறார்கள். ஆஸ்பத்திரிக்கு வெளியே உள்ள நோயாளிகள் அவர்களுக்குக் கிடைப்பதில்லை. உங்களிடம் நோயாளிகள், அவர்களிடம் கமிட்டியும் கணக்குப் போட ஆளும். சிடிஆர்ஐ தளத்தில் நோயின் பெயரைப் போட்டுத் தேடினால் தமிழ்நாட்டில் எங்கே என்ன நடக்கிறது, யார் நடத்துகிறார்கள் என்று தெரிந்துகொள்ளலாம்.

சென்னையில் ஐசிஎம்ஆரின் இரண்டு நிறுவனங்கள் இருக்கின்றன: தேசியத் தொற்றுநோயியல் நிறுவனமும், சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும். 1956ல் தொடங்கிய இந்த இரண்டாவது நிறுவனம்தான், காசநோயாளியை சானடோரியம் என்ற தனிக் காசநோய் மருத்துவமனையில் வைத்தாலும் வீட்டில் வைத்து மாத்திரை கொடுத்தாலும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான் என்று 1959ல் காட்டியது. மெட்ராஸின் நெருக்கடியான வீடுகளில் செய்த ஆய்வு. உலகமே சானடோரியங்களை மூட அது ஒரு காரணம். தொற்றுநோயியல் நிறுவனம் மருத்துவ ஆராய்ச்சி அடிப்படைப் பயிற்சியை ஆன்லைனில் நடத்துகிறது. முதுகலை மாணவர்களுக்குக் கட்டாயமான பயிற்சிதான், நமக்கும் பயன்படும். குடும்ப டாக்டர்களுக்கென்று ஏஎஃப்பிஐ என்ற சங்கம் 2010லிருந்து இருக்கிறது, அதற்கு ஒரு இதழும் உண்டு.

எதிலும் சேர மனம் வரவில்லை என்றால், மருந்தால் வந்த பாதிப்பைத் தெரிவிப்பதில் தொடங்குங்கள். 2010ல் தொடங்கிய இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு எந்த டாக்டரும் எழுதலாம்; 1800-180-3024 என்ற எண்ணில் கட்டணமில்லாமல் சொல்லவும் செய்யலாம். காசநோயாளியை நிக்ஷய் என்ற அரசின் காசநோய்ப் பதிவுத் தளத்தில் பதிவது எப்படியும் 2012லிருந்து நம் கடமை. இந்த இரண்டும் ஆய்வு ஆகாது. ஆனால் ஒழுங்காகப் பதிவு செய்யும் கை பழகிவிடும், அதுதான் பாதி வேலை.

கம்பெனிக்காரர் வந்தால்

"டாக்டர், சின்ன சர்வே. ஐம்பது படிவம், ஒரு படிவத்துக்கு இவ்வளவு" என்று ஒருவர் வருவார். மூன்று கேள்வி கேளுங்கள்: புரோட்டோகால், அதாவது எழுதிய ஆய்வுத் திட்டம், எங்கே? எந்த எத்திக்ஸ் கமிட்டி, எந்தத் தேதியில் அனுமதித்தது? சிடிஆர்ஐ எண் என்ன? மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் அது ஆய்வு இல்லை. அந்த மாத்திரையை ஐம்பது பேருக்கு எழுத வைக்கும் ஏற்பாடு. நான் ஒருமுறை இந்தக் கேள்விகளைக் கேட்டேன். "சீனியர்கிட்ட கேட்டுட்டு வர்றேன் சார்" என்று போனவர் திரும்பவே இல்லை.

உண்மையான மருந்துப் பரிசோதனை வேறு. அதற்கு மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி இருக்கும், காப்பீடு இருக்கும். பங்கேற்றவருக்கு ஆய்வால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. கடுமையான பாதிப்பு எதுவானாலும் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டியது ஆய்வாளரான உங்கள் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை கல்யாண வீட்டில் இருந்தாலும். இரண்டு மூன்று சிறு ஆய்வுகளைக் கடந்து வந்த பிறகு இதை யோசிக்கலாம்.

எழுதுவதும் ஒட்டுவதும்

கட்டுரை எழுத ஸ்ட்ரோப் என்ற சரிபார்ப்புப் பட்டியல் இருக்கிறது, 22 அம்சங்கள். ஆய்வைத் தொடங்கும் முன்பே அதைப் படித்துவிட்டால் எதையெல்லாம் நோட்டில் குறிக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். முடிந்த பிறகு படித்தால் வருத்தம்தான் மிஞ்சும். படிவம் நிரப்பிய நர்ஸ் கணக்குப் பார்ப்பதிலும் எழுதுவதிலும் பங்கெடுத்தால் அவர் பெயரும் ஆசிரியர்களில் வரட்டும். "ஏழு நாளில் வெளியிடுகிறோம்" என்று மின்னஞ்சல் அனுப்பும் இதழ்களுக்குப் பதிலே போடாதீர்கள்.

இதழில் வர ஒரு வருடம்கூட ஆகலாம். அதற்குள் ஒரு பக்கத்தில் முடிவைத் தமிழில் எழுதி, காத்திருக்கும் இடத்தில் ஃபேன் காற்றில் பறக்காதபடி நாலு மூலையிலும் ஒட்டுங்கள். சதவீதம் வேண்டாம், 'பத்தில் இத்தனை பேர்' என்று எழுதுங்கள். பெரிய எழுத்தில். எங்கள் கிளினிக்கில் ஒட்டிய அன்றே ஒருவர் அதை நின்று படித்துவிட்டு, டோக்கன் கொடுக்கும் பெண்ணிடம் திரும்பிக் கேட்டார்: "சர்க்கரைக்கும் இதே மாதிரி எப்ப எடுக்கப் போறீங்க?"